இரண்டு கைப்பிடிகள் செய்துகொடுத்த ரெஜினா மேடம்

சிதம்பரம் தெற்கு வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. திரையில் ரெஜினா மேடம் என்று பெயர் வந்தது. எடுத்தேன். பேசியது ஜான்சி, மேடத்தின் அண்ணன் மகள். "சார், அத்தை தவறிட்டாங்க சார். தூக்கத்துலயே போயிட்டாங்க. காலையில காபி எடுத்துக்கிட்டுப் போயி எழுப்புறேன், எழுந்திருக்கல" என்றாள். மேடம் எப்போதும் சொல்ல வந்ததைச் சொன்னதும் போனை வைத்துவிடுவார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டார். ஜான்சி வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்றபடி அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் மகன் பிரபுவிடம் சொன்னேன். அவன் கணினியில் ஒரு பதிப்பகத்துக்காக மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் வேலை. வேலையை நிறுத்தினான். பிறகு, "அடக்கம் எத்தன மணிக்கு?" என்று கேட்டான். "நீ வேணாம்பா, வெயில் ஜாஸ்தியா இருக்கு, அப்பா போயிட்டு வரட்டும்" என்றாள் என் மனைவி சாந்தி. "நான் வர்றேன்" என்றான். சக்கர நாற்காலியை மடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு மூவரும் கடலூருக்குப் புறப்பட்டோம்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ரெஜினா மேடத்தை மின்சாரத் துறைப் பொறியாளராகத் தெரிந்திருக்கும். துணை மின்நிலையத்தில் அவரிடம் திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள். மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், ஞாயிறு பூசைக்கு அவரோடு நடந்து போனவர்கள் இருப்பீர்கள். எனக்கு அவரைத் தெரிந்தது அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, ஒரு பொம்மை ரயிலால். நான் அண்ணாமலை நகரில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எனக்கு மின்சாரம் என்றால் சுவிட்சோடு சரி.

பிரபுவுக்குப் பிறவியிலேயே கை கால்களில் இறுக்கம் உண்டு. நடக்க முடியாது. வலது கை அவன் சொன்னதைக் கேட்காது. இடது கை கேட்கும், ஆனால் திடீரென்று ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். பேச்சு மெதுவாக வரும். காத்திருந்தால் முழுதாக வரும். முப்பது வயதைத் தாண்டியவன். கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன், ஜெர்மனித் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் அவனுக்கு ரயில் இன்ஜினும் பெட்டியும் வாங்கி வருவார். கனமான இரும்பு இன்ஜின்கள். அண்ணன் மறைந்த பிறகும் அந்த ரயில்கள் எங்கள் வீட்டு முன்னறை மேசையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பெரிய சிவப்புக் குமிழ். அதை உள்ளங்கையால் திருகிப் பிரபு ஓட்டுவான்.

ஒரு மழைக்காலத்தில் கொள்ளிடத்துப் பக்கத்துத் தண்ணீர் குமராட்சி வயல்களை மூடிக்கொண்டு வந்து, எங்கள் தெருவிலும் ஏறியது. பிரபுவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். சாந்தி ஞாபகமாக இன்ஜின்களைப் பரணில் போட்டுவிட்டாள். தண்டவாளங்களையும் மின்பெட்டியையும் எடுக்க நேரமில்லை. தண்ணீர் வடிந்தபோது தண்டவாளம் முழுக்கத் துரு. அவை மூன்று தண்டவாள வகை. இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவில் ஒன்று. நடுவிலிருந்து மின்சாரம் ஏறி ஓரத்தின் வழியே இறங்கும். அந்த வகை இங்கே கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் இரண்டு தண்டவாளம்தான். ரயில் நின்றுபோனது. பிரபு வெற்று மேசைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னான், அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அவனை அழைத்துப்போவேன். மேடம் அங்கே முட்டிவலிக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பிரபு தன் ரயில் ஓடிய பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் உயரமான, வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "இது இன்னா இன்ஜின்?" என்று அவனிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிரபு சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. அதுவரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப ஏன் ஓடல?" "தண்ணி." "இன்ஜின் இருக்குதா?" "இருக்கு." "அப்ப ஓடும்" என்றார்.

அடுத்த வாரம் பேருந்தில் ஏறிச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். கார் அனுப்புகிறேன் என்றதற்கு, "எனக்குக் காலு வலிக்குது சார், காலு இல்லாம போயிடல" என்றார். இன்ஜினைக் கவிழ்த்துப் பார்த்தார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், என்னிடம் விளக்கினார். இரண்டு தண்டவாளத்தில் இடப்பக்கம் ஒரு முனை, வலப்பக்கம் ஒரு முனை. என் அண்ணன் வாங்கிய வண்டிகளில் இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவே இரும்பு அச்சு. அப்படியே தூக்கி வைத்தால் இரண்டு முனையும் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். ஆக எல்லாப் பெட்டிக்கும் சக்கரம் மாற்ற வேண்டும். இன்ஜினுக்கு அடியில் நடுத் தண்டவாளத்தை உரசும் தொடுபட்டையைக் கழற்ற வேண்டும். மோட்டாருக்குள் சுருளை எடுத்துவிட்டுக் காந்தம் வைக்க வேண்டும். "இதெல்லாம் வேலை. செஞ்சிடலாம். யோசிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எதால ஓட்டுறது?"

அதற்குள் நான் இணையத்தில் இருக்கும் ரயில் பிரியர்களிடமெல்லாம் கேட்டு வைத்திருந்தேன். டிஜிட்டல் போடு, கைப்பேசியிலேயே ஓட்டலாம் என்றார்கள் பாதிப் பேர். பழைய முறையே போதும், ஒரு குமிழ், ஒரு வண்டி, தொல்லையில்லை என்றார்கள் மீதிப் பேர். இன்ஜினுக்குள் பேட்டரியை வைத்து ரேடியோவில் ஓட்டினால் தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் மேடத்திடம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "இவ்ளோ பேரும் எது நல்லதுன்னு சொல்லியிருக்காங்க. யாரு ஓட்டப் போறாங்கன்னு யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"ஒரு வண்டி ஓடுனா போதும் மேடம். இவனுக்கு அதுவே..." என்று ஆரம்பித்தேன்.

"இவனுக்குன்னு என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? அவரு இங்கதான உக்காந்திருக்காரு." பிரபுவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க பிரபு. இன்னா வேணும்?"

பிரபு நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். "ரெண்டு வண்டி. எதிரும் புதிருமா வரணும். ஸ்டேஷன்ல... ஒண்ணு நிக்கணும், இன்னொண்ணு போகணும். நானே ஓட்டணும்."

எனக்கு அது தெரியாது. அத்தனை வருடம் அவன் ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டியதைப் பார்த்து, அதுதான் அவன் ஆசை என்று நினைத்திருந்தேன். சாந்தி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

மேடம் எதையும் காகிதத்தில் பார்த்து முடிவு செய்பவர் இல்லை. எங்கெங்கோ சொல்லி, மூன்று வகைக் கருவிகளையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். மேசையில் ஒரு நேர்த்தண்டவாளத்தைப் போட்டு, சின்ன இன்ஜின் ஒன்றை வைத்து, பிரபுவை ஒவ்வொன்றிலும் ஓட்டச் சொன்னார். அந்தப் பிற்பகல் முழுக்க அவர் பார்த்தது ரயிலை அல்ல, பிரபுவின் தோளை. கைப்பேசித் திரையில் அவன் விரல் ஒரு வெட்டு வெட்டியதும் இன்ஜின் பாய்ந்து தண்டவாளத்தின் முனையிலிருந்து சாந்தியின் மடியில் விழுந்தது. "இது வேணாம்" என்று பிரபுவே சொன்னான். பேட்டரி யோசனையை மேடம் ஒரே கேள்வியில் முடித்தார். "தெனம் இன்ஜினைத் தூக்கி சார்ஜ் போடணும். யாரு போடுவா?" "நான் போடுறேன்" என்றேன். "நீங்க ஊருக்குப் போனா அவரு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

பழைய முறையில் இரண்டு வண்டி ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, வண்டி நகர நகர சுவிட்சுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது பிரபுவின் கைக்கு ஆகாது. டிஜிட்டலில் ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப். ஒரே தண்டவாளத்தில் நின்றாலும் அதனதன் கட்டளையை மட்டும் அதது கேட்கும். இதெல்லாம் நானும் படித்திருந்தேன். மேடம் கண்டுபிடித்தது வேறு. அந்தச் சிப்பிடம், வேகத்தை மெதுவாகக் கூட்டு, மெதுவாகக் குறை, இதற்கு மேல் போகாதே என்று சொல்லி வைக்கலாம். "அப்படிச் சொல்லி வெச்சிட்டா பிரபு கை வெட்டுனாலும் அந்த வெட்டு சக்கரம் வரைக்கும் போகாது. கை திரும்பி வர்றதுக்குள்ள வண்டி அவசரப்படாது" என்றார். டிஜிட்டல் என்று முடிவானது அந்த ஒரு காரணத்துக்காக.

ஆனால் கடையில் வரும் கண்ட்ரோலரில் சின்னச் சின்னப் பொத்தான்கள். எண்ணை அழுத்தி இன்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடம் அதற்கும் வழி சொன்னார்: இரண்டு கண்ட்ரோலர், ஒவ்வொன்றும் ஓர் இன்ஜினுக்கென்றே நிலையாக, அதன் சின்னக் குமிழில் நீளமான கைப்பிடி. பிரபுவுக்கு விரலில் பலம் இல்லை, தோளில் உண்டு. கடலூர் முதுநகரில் ஒரு லேத்துப் பட்டறையில் பளபளவென்று இரண்டு கைப்பிடிகள் செய்து கொண்டுவந்தார். பிரபு பிடித்துப் பார்த்துவிட்டு, "வழுக்குது" என்றான். மேடத்தின் முகம் சுருங்கியது. அதை அவரே கிட்ட இருந்து கடையவைத்து வாங்கியிருந்தார். பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை வந்தபோது கைப்பிடிகளில் சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றியிருந்தது. நடுவில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தானும் வந்திருந்தது, ஆலைகளில் இயந்திரத்தை நிறுத்த வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. முஷ்டியால் குத்தினாலும் மொத்த மின்சாரமும் போய்விடும்.

அவரோடு வேலை செய்வது சுகமான காரியம் என்று சொல்லமாட்டேன். நான் உள்ளூர் ஆளை வைத்துப் பற்றவைத்த ஒயர்களையெல்லாம், "இது பத்தவெச்சதா, ஒட்டவெச்சதா?" என்று கேட்டுக் கத்தரியை எடுத்து வெட்டிப் போட்டார். அந்த ஆள் எதிரிலேயே நின்றிருந்தார். வேலைக்கு நடுவே சாந்தி காபி கொண்டுவந்தால் ஆறவிட்டுவிட்டு, பிறகு ஆறிப்போனது என்று குறை சொல்வார். தான் பிடித்த பிடியை விடமாட்டார். இரண்டு மூன்று முறை நான் மனத்துக்குள் வெறுத்துப்போனதும் உண்டு.

ஆனால் தப்பு தன்னுடையதாக இருந்தாலும் அதே குரலில்தான் சொல்வார். முதல் இன்ஜினுக்குச் சிப் வைத்து மின்சாரம் கொடுத்த அன்று, உள்ளே சின்னதாக ஒரு சத்தம், மூடிக்குள்ளிருந்து புகை. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பழைய மோட்டாரின் ஒரு முனை இரும்புக் கூட்டோடு ஒட்டியிருந்திருக்கிறது. சுற்றியிருந்த யாரும் வாய் திறக்குமுன் மேடம் சொன்னார்: "தப்பு என்னுது. மோட்டாரு பாடியில ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாக்காம கரெண்ட் குடுத்துட்டேன். சிப்பு செத்துப்போச்சு." பிரபு மெதுவாக, "மேடம்... நீங்க ரிட்டையர் ஆனது... சரிதான்" என்றான். மேடம் சிரித்த சிரிப்பில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நண்பர்கள். நான் ஒயர் எடுத்துக் கொடுக்கிறவன்.

இரண்டு வண்டியும் தயாரான நாளில் முன்னறையில் நாங்கள் நால்வர் மட்டும். பிரபு இடது கையால் முதல் கைப்பிடியைத் தள்ளினான். அண்ணன் கடைசியாக வாங்கிவந்த கறுப்பு இன்ஜின் மெதுவாகக் கிளம்பி, நடு ஸ்டேஷனின் கிளைப்பாதையில் வந்து நின்றது. பிறகு கையைத் தூக்கி அடுத்த கைப்பிடிக்குக் கொண்டுபோனான். எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சை இன்ஜின் நகர்ந்தது. பாதியில் அவன் கை வெட்டி முதல் கைப்பிடியைத் தட்டிவிட்டது. நின்றிருந்த கறுப்பு இன்ஜின் மெல்லப் பெரிய பாதைக்கு ஏறத் தொடங்கியது. இரண்டும் நேருக்கு நேர்.

நான் எழுந்தேன். மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார்."

"மோதிடும் மேடம்!"

"மோதட்டும். அவரு வண்டி அது."

பிரபு எங்களைப் பார்க்கவில்லை. உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டு கையை உயர்த்தி முஷ்டியால் சிவப்புப் பொத்தானில் ஓங்கிக் குத்தினான். இரண்டு வண்டியும் ஓரிரு விரற்கடை இடைவெளியில் அப்படியே நின்றன. அவனுக்கு மூச்சு வாங்கியது. மேடம் பாராட்டவில்லை. கைக்குட்டையை எடுத்துத் தன் நெற்றியைத்தான் துடைத்துக்கொண்டார். பிரபு கறுப்பு இன்ஜினைப் பின்னால் இழுத்தான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி தப்பியது. மறுபடி. வெளியே இருட்டத் தொடங்கியபோது, கறுப்பு வண்டி கிளைப்பாதையில் நிற்க, பச்சை வண்டி அதைக் கடந்து போனது. பிரபு போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். வந்தவரிடம் மேடம், "இன்னொருதரம் ஓட்டுவாரு, உக்காந்து பாருங்க" என்று நாற்காலியைக் காட்டினார்.

அதன் பிறகு மேடத்தின் போன் வந்தால், "அவருகிட்ட குடுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. நான் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். நீண்ட நேரம் பேசுவார்கள். பிரபு ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க எடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் மூன்று முறை "ஹலோ, ஹலோ" என்பார்கள். மேடம் அப்படிச் செய்து நான் கேட்டதில்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதும் இல்லை.

அடக்கத்தன்று மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் சாமியானாவுக்கு வெளியே வெயிலில் வயதான ஆட்கள் சிலர் நின்றிருந்தார்கள். மேடத்தின் கீழே கம்பம் ஏறி வேலை பார்த்தவர்கள். ஏழுமலை என்றொருவர் எங்களிடம் வந்து பேசினார். "நாங்க லைன்ல ஏறி இருக்கும்போது மேடம் சுவிட்ச் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்குவாங்க சார். யாரு வந்து ஆன் பண்ணுன்னு சொன்னாலும் ஒத்துக்க மாட்டாங்க. மேல இருக்கிறவன் எறங்கி வந்து அவன் வாயால சொல்லணும்னுவாங்க. பெரிய அதிகாரி ஒருத்தரு போன்ல கத்துறாரு, இருட்டா கெடக்குது ஊரு, சீக்கிரம் குடுங்கன்னு. 'ஏழுமலை இன்னும் ஒண்ணும் சொல்லல சார்'னு சொல்லி போனை வெச்சிட்டாங்க. என் பேரைச் சொன்னாங்க சார், அந்த அதிகாரிகிட்ட." அவர் இதைப் பிரபுவைப் பார்த்தும் சொன்னார், என்னைப் பார்த்தும் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது பிரபு தானும் போட வேண்டும் என்றான். நாற்காலியைக் குழி ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனேன். ஜான்சி அவன் இடது கையில் மண்ணை வைத்தாள். அவன் கை திறக்க நேரமானது. பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

சில நாள் கழித்து மேடத்துக்காக வைத்த பூசைக்குப் போய்விட்டு, கடலூரில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். சர்வர் வந்து எனக்கும் சாந்திக்கும் என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகு பிரபுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "தம்பிக்கு இட்லி குடுத்துடவா சார்? நல்லா பிசைஞ்சி ஊட்டலாம்" என்றார். நல்ல மனிதர். அன்பாகத்தான் கேட்டார். முப்பது வருடமாக அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லிவந்திருக்கிறேன்.

நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். மெதுவாகக் குடித்தேன். சர்வர் என்னைப் பார்த்தார், சாந்தியைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் பிரபுவைப் பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்து யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டார்கள். சர்வர் போகவில்லை. பிரபுவின் தாடை அசைந்தது.

"ரவா தோசை" என்றான். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "முறுகலா."

ரெஜினா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அந்த ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம். தோசை வந்தது. ஓரம் கருகிப்போயிருந்தது. பிரபு அதைத் திருப்பி அனுப்பினான்.